தங்கை வீட்டுக் குளியலறை

செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அந்தப் பெயர் வேலையோடு நிற்காமல் வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு வார்த்து, பல் வரிசையைக் கோத்து, வாய்க்குச் சொந்தக்காரரின் மிச்சப் பற்களோடு நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நமக்கெல்லாம் வெள்ளை ஒன்றுதான். அவளுக்குப் பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, காபி குடிப்பவரின் வெள்ளை என்று வெள்ளைக்கே ஒரு குடும்பம் உண்டு. யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்லைப் பார்ப்பாள்.

எடைபோடுவது, ஒப்பிடுவது, எது தூக்கல் எது மட்டம் என்று சொல்வது, இதெல்லாம் பட்டறைக்கு வரும் முன்பே அவளுக்குப் பழக்கம்தான். காரணம், தங்கை. ஒரே துணியில் இருவருக்கும் சட்டை தைத்தால் தங்கைக்குத்தான் அது எடுப்பாக இருக்கும். ஒரே எண்ணெயைத் தேய்த்தாலும் தங்கைக்குத்தான் முடி இடுப்பைத் தாண்டும். பிறகு தங்கைக்கு அமைந்த கணவர் நல்ல வேலையில் இருந்தார், வீடும் பெரியது. பல்லக்கா இதைப் பொறாமை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் தங்கை போன் செய்து, குளியலறையைப் புதிதாக மாற்றியிருக்கிறோம், மாமாவையும் கூட்டிக்கொண்டு வா என்றாள். போனார்கள். உள்ளே கால் வைத்ததும் பல்லக்கா ஒவ்வொன்றாக எடைபோட்டாள். முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பான டைல்ஸ். குளிக்கும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு. மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்குள் பதித்த சின்னச் சின்ன விளக்குகள். வாஷ்பேசினுக்குக் கீழே மர அலமாரி. பழைய ஜன்னல் இருந்த இடத்தை அடைத்துச் சுவரின் பாதி அகலத்துக்கு ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் பல்லக்கா தன் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற தங்கையின் முகத்தையும் பார்த்தாள்.

"ஓட்டல் மாதிரி இருக்கும்மா," என்றார் பல்லக்காவின் கணவர்.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் அதிகம் புகழாத மனிதர். கல்யாணமான நாளிலிருந்து தன் வீட்டில் எதைப் பார்த்தும் அவர் இப்படிச் சொன்னதில்லை என்பதுதான் பல்லக்காவைக் குடைந்தது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றியதும் நேராகத் தன் குளியலறைக்குள் போய் நின்றாள். சொரசொரப்பான சிமென்ட் தரை. உயரத்தில் சாய்கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஜன்னல்; அதில் ஒரு பட்டை என்றோ உடைந்து போயிருந்தது. அந்த ஊர் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. உப்பு டப்பாவில் உப்பு கட்டி தட்டிப் போகும், துவைத்த துணி மறுநாளும் குளிர்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் அந்தக் குளியலறை மதியத்துக்குள் காய்ந்துவிடும். அது அவள் கண்ணில் படவில்லை. சுவரில் இருந்த பழுப்புக் கறைதான் பட்டது.

மறுநாளே பேச்சை எடுத்தாள். கணவருக்குப் புரியவில்லை.

"இதுக்கு என்ன குறைச்சல்? தண்ணி நிக்கல, நாத்தம் இல்ல. நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கிறது வேற, நல்லாத் தெரியறது வேற," என்றாள்.

அவர் டிப்போவுக்குக் கிளம்பிப் போனார்.

தங்கை வீட்டில் வேலை செய்த அதே டைல்ஸ்காரர்தான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவருக்குக் கைவசம் வேறு வேலைகள் இருந்தன. வந்து சேரச் சில மாதம் ஆயிற்று. அத்தனை மாதமும் அவள் தங்கை வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. பார்த்தால் வயிறு இன்னும் எரியும்.

டைல்ஸ்காரர் வந்ததும் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய தரையை உடைத்துவிட்டுப் போடலாமா, மேலேயே ஒட்டிவிடலாமா?

"தங்கச்சி வீட்ல எப்படி?"

"மேலயே ஒட்டினோம்."

"அப்ப அப்படியே."

ஜன்னல்? தங்கை வீட்டில் அடைத்ததால் இங்கும் அடைக்க வேண்டியதுதான். கண்ணாடி மட்டும் தங்கையுடையதைவிட ஒரு சாண் பெரிதாக இருக்க வேண்டும். தரைக்கு நீர் புகாத பூச்சு? அவள் வீட்டில் பூசவில்லையென்றால் இங்கே எதற்கு. டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் கடையில் வெகுநேரம் நின்றாள். தங்கை வீட்டு வெள்ளையில் இலேசாக மஞ்சள் ஓடியிருந்தது அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அதைவிடச் சுத்தமான ஒரு வெள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் தங்கை வந்தாள். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று அதையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, டைல்ஸ் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். போகிறவளின் முதுகைப் பார்த்தபடி, இவளுக்கும் உள்ளே எரிகிறது என்று பல்லக்கா நினைத்தாள். மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் அவள் செலவில் டீ.

மழைக்காலம் தொடங்கும் வரை எல்லாம் கண்ணைப் பறித்தது.

பிறகு, குளித்து வெளியே வந்து வெகுநேரம் ஆன பின்னும் அந்தப் பெரிய கண்ணாடி ஆவி படிந்து மங்கியே கிடக்க ஆரம்பித்தது. ஈரக்காற்றை வெளியேற்ற ஃபால்ஸ் சீலிங்கில் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் இல்லை. ஆனால் அதன் குழாயை வெளிச்சுவர் வரை யாரும் கொண்டுபோகவில்லை. அது காற்றை உறிஞ்சி சீலிங்குக்கு மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. சீலிங்கின் ஜிப்சம் பலகை ஊறி நடுவில் தொங்கியது. பழைய தரைக்கு மேல் புதுத்தரை ஏறியதில் சரிவின் வாட்டம் தப்பி, தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டு வாசல் பக்கம் வந்தது. அலமாரிப் பலகை உப்பிக் கதவு மூட மறுத்தது. டைல்ஸ் இடுக்குகளில் கருப்புப் புள்ளிகள் தோன்றின. சொத்தைப் பல் எப்படி ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பட்டறையிலிருந்து சின்னத் தேய்ப்பான் ஒன்றைக் கொண்டுவந்து உட்கார்ந்து தேய்த்தாள். தேய்த்த இடம் வெளுக்கும், நான்கு நாளில் மறுபடி கருக்கும். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் கொப்பளித்தது. பீரோவுக்குள் இருந்த துணியெல்லாம் ஈர நெடி அடித்தது.

கடைசியில் ஒரு காலை அந்தப் பளபளப்புத் தரையில் அவள் கணவர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒரு கையால் பல் தேய்த்துக்கொண்டு நின்ற மனிதர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும்.

அப்போதும் அவள் மனம் போன இடம் வேறு. அதே டைல்ஸ்காரர், அதே வேலை, அதே உப்புக்காற்று. தங்கை வீட்டில் மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை? போனில் அவள் ஒரு குறையும் சொல்வதில்லையே. டைல்ஸ் மேல் வந்த பொறாமை போய், பூசணம் பிடிக்காத இடுக்கின் மேல் பொறாமை வந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விடுமுறை நாளில் போய் நின்றாள். தங்கை உட்காரச் சொன்னாள், காபி போடப் போனாள். பல்லக்கா உட்காரவில்லை. குளியலறைக்குப் போக வேண்டும் என்றாள். மாடியில் இருப்பதற்குப் போகச் சொன்னாள் தங்கை. அவள் குரல் சரியில்லை. பல்லக்கா நேராகப் போய்க் கீழே இருந்த கதவைத் தள்ளினாள்.

உள்ளே இருந்தது வேறு குளியலறை. பெரிய கண்ணாடி இருந்த இடத்தில் பழையபடி ஜன்னல் திறந்து வெயில் விழுந்தது. தரை சொரசொரப்பான சாம்பல் நிறம். ஃபால்ஸ் சீலிங் இல்லை. அலமாரி இருந்த இடத்தில் துருப்பிடிக்காத கம்பித் தட்டு. ஃபேன் வெளிச்சுவரிலேயே பதிந்திருந்தது. எல்லாம் காய்ந்து கிடந்தது.

தங்கை பின்னால் வந்து நின்றாள்.

"எப்ப மாத்தின?"

"கோடையில, வேற ஆளை வச்சு. எல்லாம் கருத்து, நாத்தம் எடுத்திடுச்சு."

"அப்ப, நான் ஜன்னல அடைச்சப்ப உனக்குத் தெரியும்."

ஆமாம் என்று தங்கை தலையை அசைத்தாள்.

"சொல்லத்தான்கா வந்தேன். அதுக்குள்ள உன் பழைய பாத்ரூம் ஞாபகம் வந்திடுச்சு. இத்தனை வருஷம் உன் பாத்ரூம் சும்மா காஞ்சு கிடந்துச்சு. நான் பார்த்துப் பார்த்துக் கட்டினது அழுகிப் போச்சு. எனக்குப் பொறுக்கல. போகட்டும்னு விட்டுட்டேன்."

"மாமா கை உடைஞ்சு கிடக்கு," என்றாள் பல்லக்கா. காபி குடிக்காமல் வெளியேறினாள்.

தெரு முனை வரை கோபத்தில் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று மெல்ல உறைத்தது. தங்கைக்குத் தன் மேல் பொறாமை. அதுவும் உடைந்த பட்டை வைத்த ஜன்னலையும் சிமென்ட் தரையையும் பார்த்து. வாழ்நாளில் முதல்முறையாகத் தன்னிடம் இருந்த ஒன்று தங்கைக்கு வேண்டியிருந்திருக்கிறது. அதைத்தான் பல்லக்கா தானே அடைத்து மூடியிருக்கிறாள். அழுகை வந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. கட்டுப்போட்ட கையோடு வீட்டில் ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்ததும் அந்தச் சந்தோஷம் அவளுக்கே கூசியது.

மழை நின்றதும் டைல்ஸ்காரரைக் கூப்பிட்டாள். அவர் சங்கடத்தோடு, நீங்கள் கேட்டதைத்தானே செய்தேன் என்றார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டாள். இந்த முறை தங்கை வீட்டுப் பேச்சே வரவில்லை. இரண்டு தரையையும் உடைத்து எடுத்தார்கள். சுவரிலும் இடுப்பளவுக்கு ஏற்றி நீர் புகாத பூச்சு பூசினார்கள். வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க விட்டு, படுக்கையறைச் சுவரில் ஈரம் தெரிகிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட விட்டாள். ஜன்னல் இருந்த இடத்திலேயே மறுபடி ஜன்னல் வந்தது. ஃபேன் வெளியே பார்த்துத் திரும்பியது. இடுக்குகளுக்குத் தண்ணீர் குடிக்காத கலவை. டைல்ஸ் சொரசொரப்பானது, நிறத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

வாட்டம் பார்க்கும் நாளில் யாரும் கூப்பிடாமல் தங்கை வந்தாள். இருவரும் பேசி மாதங்கள் ஆகியிருந்தன. மாமாவிடம் கையை நீட்டச் சொல்லி விரல்களை மடக்கிப் பார்த்தாள். பிறகு குளியலறை வாசலில் வந்து குந்தினாள். பல்லக்கா ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். இருவரும் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மூலையில நிக்குதுக்கா," என்றாள் தங்கை.

உண்மைதான், நின்றது. டைல்ஸ்காரர் அந்த மூலையைப் பெயர்த்தெடுத்துத் திரும்பப் போட்டார். இருவரும் மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார்கள். மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு பட்டறையில் யார் வீட்டில் குளியலறை வேலை என்றாலும் பல்லக்காவிடம் கேட்காமல் தொடங்குவதில்லை. சமீபத்தில் அச்சுக்கு மாவு கலக்கும் பெண் புதுவீடு பார்த்திருப்பதாகச் சொல்லி அவளைக் கூட்டிப்போனாள். பல்லக்கா போய், அலமாரிக்கு மரம் வேண்டாம், தரைக்குப் பளபளப்பு வேண்டாம் என்று பொறுமையாக எல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்திலிருந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பொண்ணு பாத்ரூம்ல ரெண்டு ஜன்னல் இருக்குடி."

அந்தப் பக்கம் தங்கை அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எதிரெதிராவா?" என்று கேட்டாள்.