இது எந்த மாசத்துத் தண்ணி?

கடலைப் பற்றிக் கூட்டம் போடுவதென்றால் கடல் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போட வேண்டும் என்பது பெரிய மனிதர்களின் வழக்கம். தாமிரபரணி கடலில் சேருகிற சிப்பித்துறையில் சொகுசுக் கப்பல் நிறுத்துவது பற்றிய கூட்டத்தையும் அப்படித்தான், 1997 மாசி மாதம், ஐம்பது கிலோமீட்டர் மேற்கே திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்தார்கள். முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த சிவப்பு நாற்காலிகளில் கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஆள் சுந்தர்ராமனும் ஓர் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். ஜோடிப் பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது.

சுந்தர்ராமனுக்கு அந்தத் தெருவில் ஒரு லாட்ஜ். கப்பலில் வரும் வெள்ளைக்காரர்கள் எல்லாம் அங்கே வந்து தங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். படுக்கையறையோடு மிதந்து வருகிறவன் மூட்டைப்பூச்சிக்கு எதற்கு வாடகை கொடுப்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கடைசி வரிசையில் பாக்கியசீலன் இருந்தார். சிப்பித்துறையின் பதினொரு தோணிகளில் ஒன்றுக்குத் தண்டல். தண்டல் என்றால் தோணியின் தலைவன். பாய், ஆள், சரக்கு, உயிர் எல்லாம் அவன் பொறுப்பு. இவர் தோணியிலேயே பிறந்தவர் என்பார்கள். தொப்புள்கொடி அறுக்கக் கத்தி கிடைக்காமல் பாய்க்கயிறு அறுக்கும் அரிவாளால் அறுத்தார்களாம். குரலைக் கேட்டவர்கள் நம்பிவிடுவார்கள். முப்பத்தோரு வருஷம் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போனவர். ஒருமுறை அவர் வெற்றிலை எச்சிலைத் துப்ப, அது கடலில் விழாமல் காற்றோடு தோணிக்கு முன்னால் போய்க் கொழும்பு சுங்க அதிகாரியின் சட்டையில் விழுந்ததாக ஒரு கதை உண்டு. அந்த அதிகாரியின் சட்டை வெள்ளை என்பது வரைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

கரையிலேயே வாழ்கிறவர்களை அவர் 'காஞ்ச ஆளுங்க' என்பார். மண்டபம் நிறைய அன்று காஞ்ச ஆளுங்க.

சுந்தர்ராமன் ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டினார். ஆற்றுவாயில் நாலரை மீட்டர் ஆழம்; கப்பலுக்கு நாலு போதும். உள்ளே, ஆறு வளைகிற இடத்தில் கப்பல் அணைய ஜெட்டி. அந்த வளைவில் கட்டிக் கிடக்கிற தோணிகள் மட்டும் காலி பண்ண வேண்டும். "பார்வைக்கு நன்னா இருக்காது பாருங்கோ," என்றார்.

தோணிக்காரர்களுக்கு ஒதுங்க அந்த வளைவை விட்டால் வேறு இடம் கிடையாது. பங்குனிக்குள் தோணிகள் உள்ளே வந்துவிடும். அதன்பிறகு மணல் சேர்ந்து ஆற்றுவாய் தூர்ந்துபோகும். ஆனி, ஆடிக் காற்று வெளியே ஆடித் தீர்க்கும்வரை தோணிகள் உள்ளே பத்திரமாகக் கிடக்கும். ஐப்பசி வெள்ளம் வந்து வாயைத் திறந்ததும் வெளியே போகும். வளைவு இல்லையென்றால் ஓர் ஆடிக்குத் தோணிகள் பதினொன்றும் விறகு.

பாக்கியசீலன் எழுந்தார். "ஐயா, படத்துல இருக்கே, இது எந்த மாசத்துத் தண்ணி?"

சுந்தர்ராமன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி திரையைப் பார்த்தார். அளவெடுத்த சர்வேயர் ப்ரீதா என்ற பெண் மட்டும் ஓரத்திலிருந்து, "டிசம்பர்," என்றாள்.

"கார்த்திகை வெள்ளத்துல அளந்துட்டு வருஷம் பூரா கப்பல் விடப்போறீங்க. தீவாளி அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாத்துட்டு, இவன் தினமும் அதிரசம் திங்கான்னு எழுதிட்டுப் போற மாதிரில்லா இருக்கு."

பின்வரிசை சிரித்தது. சுந்தர்ராமனுக்குக் கோபம் வந்தது. "மெஷின் வெச்சு அளந்திருக்கோம். நீர் என்ன வெச்சு அளந்தீர்?"

"கால வச்சு. வைகாசியில வாங்க. ஒங்க கப்பல் வார வழியில, இந்தக் கரையில எறங்கி அந்தக் கரைக்கு நடந்து காட்டுதேன். முழங்காலுக்கு மேல தண்ணி ஏறிட்டுன்னா எங்க தோணிய நாங்களே அவுத்துட்டுப் போயிருதோம்."

பக்கத்தில் இருந்த ஷேக் மைதீன் தண்டல் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அதற்குள் அதிகாரி அதை எழுதிக்கொண்டுவிட்டார். வேறு யார் சொன்ன எதையும் அவர் அன்று எழுதவில்லை. பிறகு வடை கொடுத்தார்கள். கூட்டத்தில் உருப்படியாக இருந்தது அதுதான்.

திரும்பும் பஸ்ஸில் ஷேக் மைதீன் பொரிந்தார். "ஒம்ம தோணிய வச்சு வெளையாடும்வே. பதினோரு தோணியும் ஒம்ம அப்பன் தோணியா?"

"கோவத்துல வந்துட்டு."

"ஒமக்குக் கோவம். எங்களுக்குக் கஞ்சி."

 கரையில் இருக்கிறவர்களை ஏளனம் செய்து செய்து, அந்த ருசியில் வாயை விட்டுவிட்டோம் என்று பாக்கியசீலனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் பார்த்துச் சாரல் முந்திக்கொண்டது. வைகாசி பிறந்ததுமே மலையில் மழை. பாபநாசத்தில் தண்ணீர் ஏறிற்று. திருநெல்வேலிப் பாலத்தில் ஜனங்கள் நின்று ஆற்றை வேடிக்கை பார்த்தார்கள். சிப்பித்துறைக்குக் கலங்கல் தண்ணீர் வந்து சேர்ந்தபோது, பாக்கியசீலனின் மனைவி ஹெப்சிபா குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வந்து கேட்டாள்.

"போயி, ஏதோ வாய் தவறிட்டுன்னு சொன்னா என்ன?"

"அந்த லாட்ஜ்காரன் முன்னாலயா?"

"அவன் மொகத்த ஒரு நாளு பாத்தாப் போதும். மைதீன் அண்ணன் மொகத்தத் தெனமும் பாக்கணும்லா."

அது சுட்டது. அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் அவர் ஆற்றுவாயில் இறங்கிக் காலால் துழாவினார். மணல் இருந்தது. கரைக்குக் கரை வரப்பு மாதிரி, கோணல்மாணலாக ஒரு திட்டு. அதன் இரண்டு பக்கமும் ஆள் முங்கும். திட்டின் மேல் முழங்காலுக்கு ஒரு விரற்கடை கீழே. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஆற்றுத்தண்ணீர் அரித்திருந்தது. அங்கே முழங்காலுக்கு மேல் நாலு விரல்.

குறித்த நாளில் மூன்று கார்கள் வந்தன. சுந்தர்ராமன், அதிகாரி, ப்ரீதா, போட்டோ எடுக்க ஒருவன், கம்பெனியின் ஆள் ஒருவர். அந்த ஆள் குடைக்குள் நின்று, கடலையே முதல்முறையாகப் பார்க்கிறவர்போல் அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். சிப்பித்துறைக்காரர்களும் கரையில் நின்றார்கள்.

பத்து மணிக்குப் பாக்கியசீலன் இறங்கினார். ஓர் அடி வலது, இரண்டடி இடது. பாதி ஆறு வந்தாயிற்று. வேட்டி நனையவில்லை. அரித்த இடத்துக்கு ஓர் அடி முன்னால் நின்றார்.

நின்றவர் நின்றார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். நரம்பு கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார்.

"என்னய்யா, ஏன் நின்னுட்டீர்?" சுந்தர்ராமன் கத்தினார்.

"கடல் வத்தட்டும்."

"எப்போ வத்தும்?"

"ஒரு மணிக்கு மேல பைய வத்தும்."

"அதெல்லாம் கிடையாது. இப்பவே நடக்கணும்."

"எத்தன மணிக்கு நடக்கணும்னு நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. ஐயாதான் எழுதிவச்சிருக்காவளே, படிக்கச் சொல்லுங்க."

அதிகாரி காகிதத்தைப் படித்துப் பார்த்தார். நேரம் இல்லை.

தோணிக்காரனின் தொழிலில் பாதி காத்திருப்பது. காற்றுக்குக் காத்திருப்பான், கடல் தண்ணீர் ஏறவும் வற்றவும் காத்திருப்பான். தூத்துக்குடிக்கு வெளியே காற்றில்லாமல் பதினேழு நாள் கிடந்தவருக்கு மூன்று மணி நேரம் ஒரு பாக்கு மெல்லுகிற நேரம். கரையில் நின்றவர்களுக்கோ பதினொன்றரைக்கே வெயில் தாங்கவில்லை. பன்னிரண்டுக்கு அதிகாரிக்குத் தலை சுற்றியது. கம்பெனி ஆளின் வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசியது. லாட்ஜில் பிரியாணி ஆறிப்போகும் என்று சுந்தர்ராமன் சொன்னார். கடலை வாங்க வந்தவர்களால் அது ஒரு சாண் வற்றும்வரை நிற்க முடியவில்லை. பன்னிரண்டரைக்கு இரண்டு கார்கள் கிளம்பிப் போயின.

ப்ரீதா போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அளவுகோலோடு கரையில் குந்தியிருந்தாள்.

ஒன்றரைக்குத் தண்ணீர் இறங்கியது. பாக்கியசீலன் குனிந்து பார்த்து, அடுத்த அடி வைத்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு விரல். நடந்து அந்தக் கரைக்குப் போய், அங்கிருந்து திரும்பிக் கூப்பிட்டார்.

"யம்மா, நான் வந்த தடத்துலயே வா. நேரா வந்துராத, முங்கிருவ."

அவள் வந்தாள். அடிக்கு அடி கோலை ஊன்றி எழுதினாள். நடுவில் நின்று, "ரெண்டு பக்கமும் ஆழம் இருக்கே," என்றாள்.

"இருக்கும். கப்பல் என்ன ஆடா, வரப்பத் தாண்டிக் குதிக்க?"

"தோண்டி எடுத்துடலாம்னு சொல்வாங்க."

"தோண்டச் சொல்லு. இவுக பகல்ல அள்ளுனத ஆறு ராவுல கொண்டாந்து போடும். அதுக்குச் சம்பளமும் கெடையாது, லீவும் கெடையாது."

அவள் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள்.

அறிக்கை போயிற்று. ஒவ்வொரு வருஷமும் மணல் அள்ளுகிற செலவில் இன்னொரு கப்பலே வாங்கலாம் என்று அதில் கண்டிருந்தது. ஆவணியில் கம்பெனி ஒரு செய்தி வெளியிட்டது: சிப்பித்துறையின் இயற்கை அழகைக் காப்பாற்றும் பெருந்தன்மையால் திட்டத்தைக் கைவிடுகிறார்களாம். அதைச் சத்தம்போட்டு வாசித்த ஷேக் மைதீனுக்குப் புரையேறிவிட்டது.

அவர் பாக்கியசீலனோடு அதுவரை சரியாகப் பேசவில்லை. ஐப்பசி வெள்ளம் ஆற்றுவாயைத் திறந்த அன்று, தோணிகள் வரிசையாக வெளியே போகும்போது, பாக்கியசீலன் தன் தோணியை ஓரமாக ஒதுக்கி, எல்லாத் தோணிகளையும் முன்னே விட்டார். முதலில் போகும் உரிமை வழக்கமாக அவருடையது.

ஷேக் மைதீன் கடந்து போகும்போது எட்டிப் பார்த்தார். "என்னவே, வெத்தில போடுதீரா?"

"நீரு மொதல்ல போம்வே. நான் நிக்கேன்."