பனிச்சங்கேணிச் சேற்றில் ஒரு வீட்டு வான்

சென்ற பங்குனி மாதத்தில், மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருந்தெருவில், பனிச்சங்கேணி வாவிக் கரையில் இது நடந்தது. என் மனைவி காலமாகி அப்போது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

மனைவியின் தம்பி கல்லடியில் கராஜ் வைத்திருக்கிறார். பழைய வான் வண்டி ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் பாடுபட்டு, அதை ஓடும் வீடாக மாற்றினார். மடித்து விரிக்கும் கட்டில், காஸ் அடுப்பு, கூரையில் தண்ணீர்த் தாங்கி, சிறு மின்விசிறி எல்லாம் அதற்குள் உண்டு. யன்னல் திரைகளைத் தைத்துக் கொடுத்தவர் என் மனைவி. முதல் பயணம் நாங்கள் மூவரும் வாவியோரமாக வடக்கே போவது என்று பேச்சு. நான் இரண்டு முறை தள்ளிவைத்தேன். இரண்டு முறையும் காரணம் நான் திருத்திக்கொண்டிருந்த ஒரு பாடநூலின் அச்சுப்படிகள். மூன்றாம் முறை தள்ளிவைத்தது மனைவியின் நோய்.

அதன்பின் அந்த வான் ஓடவில்லை. ஒரு காலை மைத்துனர் அதை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அத்தான், சாமான் எல்லாம் ஏத்திட்டன். நீங்க மட்டும்தான் ஏறணும்.”

“யோசிச்சுச் சொல்லுறன்.”

“யோசிக்கிறதெண்டா உள்ளுக்க படுத்துக் கிடந்து யோசிங்க. அதுக்குத்தானே கட்டில் போட்டிருக்கன்.”

ஏறினேன்.

வாழைச்சேனையைத் தாண்டினோம். ஓட்டமாவடியில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் மைத்துனருக்கு நெடுநாள் பழக்கம். வெளியே வந்து வானைச் சுற்றிப் பார்த்தார், யன்னலால் கட்டிலைப் பார்த்தார், அடுப்பையும் பார்த்தார்.

“என்ன மச்சான், ஊட்டுக்காரி தொரத்திட்டாவா? ஊட்டையும் தூக்கிட்டு ஓடி வந்திருக்கீங்க!”

மைத்துனர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். ஏழு மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவர் பின்னர் சொன்னார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

நாவலடிச் சந்திக்கு அப்பால் தெரு வேறாகிவிடுகிறது. ஆரவாரம் குறைந்து, பற்றைக்காடும் வெள்ளை மணலும் வருகின்றன. காயான்கேணி, மாங்கேணி கடந்து பனிச்சங்கேணிப் பாலத்தை அடைந்தபோது இருபுறமும் நீர். கண்டல் மரங்களின் மேல் கொக்குகள் அசையாமல் நின்றன. அன்று மாலை பாலத்துக்கு இப்பால், தெருவோரப் பனையடியில் வானை நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு உறங்கினோம். நெடுநாளைக்குப் பின் நான் விடியும்வரை உறங்கினேன்.

காலையில் மைத்துனர் இரண்டு கான்களை எடுத்துக்கொண்டு, சற்றுத் தொலைவிலிருந்த ஒரு வீட்டுக் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ளப் போனார். திறப்பு வானின் சாவித் துளையிலேயே செருகியிருந்தது. எனக்கு ஓர் எண்ணம் வந்தது. வாவியின் விளிம்புவரை வெள்ளை வெளேரென்று காய்ந்த தரை தெரிந்தது. வானை அங்கே இறக்கி, கதவைத் திறந்தால், கட்டிலில் இருந்தபடியே நீரைப் பார்க்கலாம். அப்படி இருந்து தேநீர் குடிக்க வேண்டும் என்று என் மனைவி சொன்னதுண்டு. எனக்கு வாகனம் ஓட்டத் தெரியும். ஓட்டினேன்.

பாதி தூரத்தில், மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆட்டினார். நாற்பது வயதிருக்கும்.

“ஐயா! இதுக்குள்ள இறக்காதீங்க! அதிலயே கிறுகுங்க, கிறுகுங்க!”

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். மட்டக்களப்பில் திருமணம் செய்து, ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலையொன்றில் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கிறுகுதல் என்றால் இங்கே திரும்புதல். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பிழை நேர்ந்தது. அந்தச் சொல் காதில் விழுந்ததும், என்னையறியாமல் ஒரு புன்னகை வந்தது. மாணவர் கட்டுரையில் வட்டமிட்டுத் ‘திரும்புங்கள்’ என்று திருத்தி எழுதும் கை என்னுடையது. மனத்துக்குள் திருத்தினேன். அந்தப் பெண்ணுக்குக் கையசைத்து நன்றி தெரிவித்தேன். நேரே ஓட்டினேன். அவருடைய சொல்லைக் கேட்டேனே தவிர, அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

முன் சக்கரங்கள் முதலில் இறங்கின. வெள்ளைப் பொருக்கு உடைந்து, கீழிருந்து கருஞ்சேறு மேலே வந்தது. பின்னால் எடுக்க முயன்றேன். பின்சக்கரங்களும் அச்சுவரை புதைந்தன.

அந்தப் பெண் மெதுவாக நடந்து வந்து யன்னலருகே நின்றார்.

“கிறுகச் சொன்னனே ஐயா.”

“கேட்டது, தங்கச்சி.”

“கேட்டுமா வந்தீங்க?” என்று ஒரு கணம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. “மத்தியானத்துக்குப் பிறகு காத்து எழும்பினா தண்ணி இந்த வெளியெல்லாம் ஏறும். எஞ்சினுக்க போயிரும். இரிங்க, கரைவலைக்காரரக் கூட்டிட்டு வாறன்” என்று தெருவைக் கடந்து கடற்பக்கம் போனார்.

மைத்துனர் தண்ணீர்க் கான்களோடு வந்து பனையடியில் நின்றதை நான் கண்ணாடியில் பார்த்தேன். கான்களை வைத்துவிட்டு இடுப்பில் கைகொடுத்து நின்றார். அவருடைய இரண்டு வருட உழைப்பு சேற்றில் கிடந்தது. அக்காவின் கையால் தைத்த திரைகள் அதற்குள் இருந்தன. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

“விடுங்க அத்தான்” என்றார்.  பிறகு சேற்றுக்குள் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தபடியே, “வாகனம் ஓட்டுறத்துக்கு இலக்கணம் இல்லையெண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சு” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

அரைமணி நேரத்தில் கரைவலைக்காரர் வந்தார்கள். அன்று காலை வலையை இழுத்து முடித்த களைப்போடு பதினேழு பேர். தோளில் வலைக் கயிறு. பழைய தென்னோலைக் கிடுகுகளைக் கொண்டுவந்து சக்கரங்களின் கீழ் செருகினார்கள். கயிற்றை வானின் பின்புறத்தில் கட்டி, இரு வரிசையாக, வலை இழுக்கும் ஒழுங்கிலேயே நின்றார்கள். சேற்றுக்குள் இருப்பவர்களில் நானே மெலிந்தவன் என்பதால் என்னையே சாரதி இருக்கையில் இருக்கச் சொன்னார்கள். மைத்துனர் கயிற்றைப் பிடித்தார்.

“இண்டைக்கு ரெண்டாவது வலை, பெரிய மீன் ஒண்டு பட்டிரிக்கு!” என்று அவர்களில் மூத்தவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது. பிறகு அவர் ஒரு குரல் கொடுத்தார்; மற்றவர்கள் ஒரே மூச்சாகப் பதில் கொடுத்து இழுத்தார்கள். வலைக்குக் கொடுக்கும் அதே குரல்தான். நான்காவது குரலுக்கு வான் அசைந்தது.

அந்தப் பெண் என் யன்னலோடு சேர்ந்து பின்னோக்கி நடந்தார்.

“இடப்பக்கத்தால கிறுகுங்க, ஐயா. இன்னும் ஒள்ளுப்பம், கொஞ்சம்தான். ஓம், அப்பிடித்தான். இப்ப மத்தப் பக்கம் கிறுகுங்க.”

அவர் சொன்னபடியெல்லாம் சுக்கானைத் திருப்பினேன். அப்போதுதான் அது நினைவில் எழுந்தது. திருமணமான புதிதில், எங்கள் பழைய காரில் பக்கத்தில் இருந்து என் மனைவி இப்படித்தான் வழி சொல்லுவார். “இதில கிறுகுங்க.” நான் ஒவ்வொரு முறையும், “கிறுகினால் தலைதான் கிறுகிறுக்கும். திரும்புங்கோ எண்டு சொல்லும்” என்பேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஓராண்டுக்குள் அவர் ‘திரும்புங்க’ என்று சொல்லப் பழகிவிட்டார். நான் அதை ஒரு வெற்றியாகக்கூட எண்ணியதில்லை, கவனிக்கவேயில்லை. முப்பத்தெட்டு வருட வாழ்க்கையில், அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதரிடமிருந்து ஒரு சொல்லைப் பறித்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

காற்று எழுவதற்கு முன்னரே வான் பனையடியில் ஏறி நின்றது. அவர்கள் யாரும் காசு ஒன்றும் வாங்கவில்லை. தேநீர் மட்டும் கேட்டார்கள். அந்தச் சின்ன அடுப்பில் நான்கு தடவை தண்ணீர் கொதிக்கவைத்து, இருந்த மூன்று கோப்பைகளை மாறி மாறிக் கழுவி, எல்லோருக்கும் நானே தேநீர் கொடுத்தேன். சீனி போதவில்லை. ஒருவர் குடித்துவிட்டு, “ஐயாட தேத்தண்ணியும் சேறு மாதிரித்தான் இரிக்கு” என்றார். அந்தப் பெண் ஒரு சிரங்கை அளவு மட்டியை இலையில் சுற்றி, “கறி வைங்க” என்று யன்னலால் நீட்டினார்.

வாகரையை நோக்கிப் போகும் வழியில், மைத்துனரிடம் அந்தச் சொல்லைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் வானின் வேகத்தைக் குறைத்தார்.

“அத்தான், அக்கா அதெல்லாம் விடல்ல. எங்களோட கதைக்கக்குள்ள கிறுகு எண்டுதான் சொல்லுவா. உங்களோடதான் திரும்பு.”

“எப்போதுமா?”

“எப்பவும்தான். நீங்க குளிக்கப் போனா இஞ்சால எங்கட பேச்சு. நீங்க வந்தா அங்கால உங்கட பேச்சு. நாங்க எல்லாரும் அவவப் பகிடி பண்ணுவம். அவ சொல்லுவா, ‘அந்த மனுசனுக்கு அதில ஒரு சந்தோசம், இருந்திட்டுப் போகட்டும்’ எண்டு.”

நான் வெளியே பார்த்தேன். வலப்பக்கத்தில் மரங்களுக்கிடையே கடல் தெரிந்து மறைந்தது. எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய நிம்மதியும் இருந்தது. நான் எதையும் பறித்துவிடவில்லை. அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். எனக்குத் தராமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

“வேறென்ன சொல்லுவா?” என்று கேட்டேன்.

வெருகல்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா கோபத்தில் எப்படிப் பேசுவார், தம்பி பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார், என்னை எனக்குப் பின்னால் என்ன பெயரால் அழைப்பார் என்பதெல்லாம். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். கதிரவெளிக்கு அருகே அதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். மைத்துனர் வானை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாள் வாவியையும் வெருகல் ஆற்றையும் பார்த்துக்கொண்டு நிறைவாகத் திரும்பினோம்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் பேசும்போது என் மனம் பழக்கத்தால் ஒரு சொல்லைத் திருத்தப் போகும். உடனே அதை நிறுத்தி, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன், ஏனெனில் என் வீட்டுக்குள்ளேயே என் பொருட்டு இன்னொரு தமிழில் வாழ்ந்துவிட்டுப் போன ஒருவரை, அவர் போன பிறகுதான் நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.