மொட்டைத் தளபதி குனிந்து போன கதை

இனுபுஷி மோரியோ பூதம் வரைகிறவர். ஒசாகாவில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் இருபது வருஷமாக அதுதான் வேலை. அவருடைய பூதங்கள் அடிவாங்கிச் சாகும்போதுகூடக் கதாநாயகனுக்கு வழிவிட்டு ஓரமாகத்தான் விழும். ஒரு காலத்தில் பிள்ளைகள் அவற்றுக்காகச் சோறு தண்ணீர் மறந்து கிடந்தார்கள். ஆள் ஆறடிக்கு மேல். ரயிலில் தொங்கும் விளம்பரத் தாள் தினமும் நெற்றியில் அடிக்கும். மனிதர் தாளிடமே மன்னிப்புக் கேட்பார்.

பிறகு அமெரிக்க விளையாட்டுகள் துப்பாக்கியும் கையுமாக வந்து சந்தையை வாரிக்கொண்டு போயின. பூதங்களைச் சீண்ட ஆளில்லை. துறைத் தலைவர் கதொவாகி ஒருநாள் காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார்.

“அங்க விக்கிற கேம் பூரா பாத்துட்டேன். எல்லாத்துலயும் மொட்டைத்தலை, புடைச்ச கழுத்து, கையில துப்பாக்கி. இனிமே நமக்கும் மொட்டைதான்.”

“கொஞ்சமா முடி இருந்தா ஆகாதுங்களா சார்?” என்று இனுபுஷி கேட்டார்.

“முடியை நம்பித்தான்யா இவ்வளவு நாள் நாசமாப் போனோம்.”

சொல்லும்போதே கதொவாகி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

புது விளையாட்டை அமெரிக்காவில் விற்றுத்தர ஒரு கம்பெனி தயாராக இருந்தது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் துறையை மூடிவிட்டு, அத்தனை பேரையும் நாலாவது மாடிக்கு, பச்சிங்கோ சூதாட்டப் பெட்டி செய்யும் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. இனுபுஷிக்கு அந்தப் பெட்டிகளின் இரைச்சலே ஆகாது. அதைவிட, பூதம் இல்லாத வேலையை அவர் வேலையாகவே நினைத்ததில்லை. மனிதர் பயந்துபோனார்.

விளையாட்டின் கதாநாயகன் ஒரு மொட்டைத் தளபதி. அவனுக்கு நடை வேண்டும். நடிகரை அமர்த்த மனமில்லாமல் இருப்பதிலேயே உயரமான ஆளைப் பிடித்தார்கள். வெள்ளை உருண்டைகள் ஒட்டிய கறுப்பு இறுக்க உடையைப் போட்டுக்கொண்டு இனுபுஷி நடந்தால், கணினிக்குள் தளபதி அப்படியே நடப்பான். நெஞ்சை நிமிர்த்திக் காலை அகட்டி வீட்டிலும் நடந்து பழகினார். அவர் மனைவி கினுயோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, மூலம் திரும்ப வந்துடுச்சா?”

“அமெரிக்காக்காரன் நடக்கிறான் கினுயோ.”

“அப்ப அவனுக்கும் மூலம்தான். கஞ்சி வைக்கட்டுமா?”

விளையாட்டு ஒருவழியாகத் தயாரானது. பெரிய தலைகளெல்லாம் பார்த்தார்கள். ஒரு குறையுமில்லை என்று வரிசையாக முத்திரை குத்தினார்கள். அமெரிக்காவிலிருந்து லோர்னா ப்ரூயிட் என்ற அம்மாள், மொழிபெயர்ப்பாளரோடு பார்க்க வந்தார்.

திரையில் தளபதி ஒரு பட்டாளத்தையே சுட்டுச் சாய்த்தான். கதவை உதைத்து உடைத்தான். உள்ளே அவனுடைய ஆட்கள் இருவர் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். தளபதி நின்றான். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். கையைக் கத்திபோல் முன்னால் நீட்டி, மேலும் கீழுமாக இரண்டு வெட்டு வெட்டியபடி, குனிந்து நடுவில் நழுவிப் போனான். ஒசாகாவில் நாலு பேருக்குக் குறுக்கே போகிற எவரும் அப்படித்தான் போவார்கள். அதனால் முத்திரை குத்திய ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பப் போடச் சொல்லித் திரும்பவும் சிரித்தார்.

“பெரிய தப்பு நடந்துபோச்சு. உடனே திருத்திடறோம்” என்றார் கதொவாகி.

“ஐயோ, அதைத் தொடாதீங்க. மத்ததெல்லாம் எங்க ஊர்ல வண்டி வண்டியாக் கெடக்கு. இது ஒண்ணுதான் நான் பாக்காதது. நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு.”

அம்மாள் போனதும் கதொவாகி வியர்த்து உட்கார்ந்தார். “கேட்டீங்களா? நல்லாருக்குன்னு ரெண்டு தரம் சொல்லுது. எவ்வளவு கோவம் இருந்தா ஒரு மனுஷி அப்படிச் சொல்லும்?”

கதொவாகி கியோத்தோக்காரர். அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரி உங்கள் நாயின் குரல்வளத்தைப் பாராட்டினால், அன்றைக்கே நாயை உள்ளே கட்டிவிட வேண்டும். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை இனுபுஷி பார்த்திருந்தார். அது நிஜமான சிரிப்பு என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டார்.

மறுபடி கறுப்பு உடை. இரண்டு பேர் நடுவில் சும்மா நடந்து போனால் போதும், இனுபுஷியால் முடியவில்லை. கை தானாக நீண்டது. கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள், தலை குனிந்தது. கடைசியில் கீழ்மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆஸ்திரேலியப் பையனைக் கூட்டிவந்தார்கள். அவன் எருமைக்கடா மாதிரி இருவர் தோளையும் இடித்துக்கொண்டு போனான்.

“பாத்தியா, இதான்யா மேல்நாடு” என்று கதொவாகி பூரித்தார்.

லோர்னா அம்மாள் இரண்டாம் முறை வந்தபோது அந்த இடத்துக்காகவே நாற்காலி நுனியில் காத்திருந்தார். தளபதி இடித்துக்கொண்டு போனான்.

“அந்த மரியாதைக்காரர் எங்க?”

“திருத்திட்டோம்” என்றார் கதொவாகி பெருமையாக.

“அப்ப இது எங்ககிட்டயே இருக்கே” என்று சொல்லிவிட்டு அம்மாள் பையை எடுத்துக்கொண்டார். அந்த வசந்தத்திலேயே துறையை மூடிவிட்டார்கள்.

நாலாவது மாடியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. இரைச்சலில் கதொவாகி கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

“நெஜமாவே பிடிச்சிருந்தா அந்தம்மா நம்மளைத் திட்டியில்ல இருக்கணும்?”

“அவங்க நெஜமாத்தான் சார் சொன்னாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“ஏன்யா சொல்லல?”

“நீங்க பேசிட்டிருந்தீங்க.”

இனுபுஷி சூதாட்டப் பெட்டிக்கு வரைந்துகொண்டிருந்த சிரிக்கும் ஆக்டோபஸின் எட்டாவது காலுக்குக் கவனமாக வண்ணம் பூசினார். கதொவாகி எட்டிப் பார்த்தார்.

“நல்லாருக்கு.”

“நெஜமாவா சார்?”

கதொவாகி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

“தெரியலையேப்பா” என்றார்.