ஹில்டியைச் சாகவிடாத கை

மார்லிஸ் தோர்சனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை, ஹில்டி இன்னும் சாகவில்லை என்பதுதான். சிரிக்காதீர்கள். எல்க்ஹார்ன் ஊரில், சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டுகிறவளுக்கு வேறென்ன பெருமையை யார் கொண்டுவந்து தரப்போகிறார்கள்?

ஹில்டி ஒரு சமையல்காரி. ஞாயிறு மதியங்களில் வெர்லின் வீட்டு நிலவறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டில் மார்லிஸ் எடுத்துக்கொண்ட வேஷம். டுவேன் மந்திரவாதி, விரலைச் சொடுக்கினால் கோட்டை எரியும். அவன் மனைவி கிளெனிஸ், பூதங்களை வெட்டிச் சாய்க்கும் வீராங்கனை. கதையை நடத்துவது வெர்லின். எதிரிகளுக்காக அவன்தான் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டி, அடி விழுந்ததா இல்லையா என்று சொல்வான்.

புருஷன் செத்த வருஷம் அவளை அங்கே இழுத்து வந்தவனும் அவன்தான். "மந்திரம் தந்திரமெல்லாம் எனக்கு வேண்டாம் வெர்லின். சமைக்கத் தெரியும், அதைப் போட்டுக்கோ," என்றாள். அத்தனை பலசாலிகளுக்கு நடுவே ஒரு சாதாரண ஆள் சும்மா நிற்கக் கூடாதே என்று வெர்லின் மூளையைக் கசக்கினான். அரண்மனைக் காவலாளி மந்திரவாதியிடம் வாய் திறக்கமாட்டான். சூப்பு ஊற்றுகிறவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். அப்படித்தான் ஹில்டி இல்லாமல் முடியாது என்றானது. சண்டையில்தான் ஓர் அடி தாங்காத உடம்பு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. "பலம் இல்லேன்னா என்ன, புத்தி இருக்குல்ல," என்று ஆலையில் பீற்றிக்கொள்வாள் மார்லிஸ்.

அந்தப் பிப்ரவரி ஞாயிறு, டிராகன் ஹில்டி மேல் பாய்ந்தது. வெர்லின் பகடையை உருட்டினான்.

"தப்பிச்சுட்டா."

சுட்ட உருளைக்கிழங்குத் தட்டை எடுத்து வைக்கப்போன மார்லிஸின் முழங்கை பட்டு அட்டை சாய்ந்தது. பகடையில் இருபது. அதற்கு மேல் எண்ணே கிடையாது. அது விழுந்தால் யாராலும் தப்ப முடியாது.

அவள் டுவேனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். "ஆறிடப் போகுது, சாப்பிடலாமே," என்றாள் கிளெனிஸ். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

"எத்தனை நாளா நடக்குது?"

"அந்த வருஷம் நீ இருந்த இருப்புக்கு, உன்னோடது இன்னொண்ணும் சாகறதை என்னால பாக்க முடியல மார்லிஸ். அப்புறம் நிறுத்தத் தெரியல," என்றான் வெர்லின்.

"விளையாட்டுதானேம்மா. உன்ன யாரு கொறச்சலா நெனச்சா?" என்றான் டுவேன்.

"உன் மந்திரவாதி ரெண்டு தடவை செத்தான் டுவேன், ரெண்டு தடவையும் புதுசா ஒருத்தனை வச்சு ஆரம்பிச்சே. ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே. அப்ப யாரும் உனக்குப் பகடை எண்ணை மாத்திச் சொல்லல. நீ தாங்குவேன்னு நம்பினாங்க."

வெர்லின் கண் கலங்கிவிட்டது. நல்லவன். நல்லவனாகப் போய்விட்டதால் வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லை.

"என்ன எண்ணு விழுந்துச்சுன்னு சொல்லு."

"இருபது."

"அப்புறம்?"

அவன் சாய்ந்த அட்டையை மடித்து மேசைக்கு அடியில் வைத்தான். "ஹில்டி செத்துட்டா."

மார்லிஸ் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். காரில் உட்கார்ந்து, புருஷனைப் புதைத்த அன்றுகூட அழாத அழுகை அழுதாள். இத்தனை வருஷத்தில் தான் எதிலிருந்தும் ஒருமுறைகூடத் தானாகத் தப்பியிருக்கவில்லையோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.