வாதாம் மரத்தடித் தூசு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் திருவொற்றியூரில் ஓடும் எந்த மினி வேனாக இருந்தாலும், சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். என் ஷெட்டில் அப்போது இரும்புத் தூண் கிடையாது. வாசலில் நான் நட்ட வாதாம் மரக் கிளையில் செயின் மாட்டித்தான் எஞ்சினைத் தூக்குவோம். தொங்கும் எஞ்சினுக்கு அடியிலேயே குந்தி வேலை பார்ப்போம். அந்தக் கிளை என்னைக் கைவிட்டதே இல்லை.

போன மழைக்குப் பிறகு ஷெட் சுவரில் ஓர் அந்துப்பூச்சி ஒட்டியிருந்தது. வெள்ளை ரெக்கையில் பழைய ஆயில் தெறித்தாற்போல் கரும்புள்ளிகள்.

"புள்ளி சட்ட போட்டுகினு மாப்ள மாதிரி குந்திகினு கீறான் பாரு நைனா" என்றான் மகன். சிரித்தோம்.

சில மாதம் கழித்து மரத்தடியில் கேழ்வரகு போலச் சிவந்த மணிகள் விழத் தொடங்கின. எங்கள் பக்கம் மேலேயிருந்து எது விழுந்தாலும் கம்பெனிப் புகைபோக்கித் தூசுதான். மகன் பெருக்கித் தள்ளினான். மறுநாளும் விழுந்தது.

அன்று மகன் எஞ்சினுக்கு அடியில் போல்ட்டு கழற்றிக்கொண்டிருந்தான். டீ கொண்டுவந்த என் மனைவி கீழே பார்த்தாள்.

"காத்தே இல்ல. தூசு எங்கேந்துயா வருது?"

"கம்பெனிலேந்துதான். என்னாண்டயே கேக்கறியா?"

"அப்போ பக்கத்து வூட்டு வாசல்ல ஏன் இல்ல? நம்ம மரத்தாண்ட மட்டும் கொட்டிகீது."

நிமிர்ந்தேன். செயினை ஒட்டி, கிளையின் அடிப்பக்கம் விரல் நுழையும் ஓட்டைகள். எஞ்சின் மேல் மணிகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

"வெளிய வா."

"இரு நைனா, ஒரு போல்ட்டுதான்."

காலைப் பிடித்து இழுத்தேன். இந்த வயதிலும் என் பிடி அப்படி. ஈர அட்டை கிழிவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. அவன் குந்தியிருந்த இடத்தில் எஞ்சின் உட்கார்ந்தது.

முறிந்த கிளைக்குள் நீள நீளமாகக் குடைந்த பாதைகள். ஒன்றில் சிவந்த புழு, அவசரமே இல்லாமல் நெளிந்தது. தெருவில் செடி விற்கிறவரிடம் காட்டினேன். சுவரில் பார்த்த அந்தப் புள்ளிப் பூச்சியின் புழுதான் அது, மணிகள் அது மரத்தைத் தின்று தள்ளும் எச்சம் என்றார்.

இப்போது இரும்புச் சட்டம் நட்டுவிட்டேன். மரத்தின் இன்னொரு கிளை, ஷெட்டை ஒட்டி மகன் படுக்கும் அறையின் தகரக் கூரைக்கு மேல் நீண்டிருக்கிறது. இன்று காலை அந்தத் தகரத்தில் சிவந்த மணிகள் கிடந்தன. காற்று இல்லை. மரம் வெட்ட ஆள் நாளைக்குத்தான் வருவார்.

"இன்னிக்கு எங்கூட படு" என்றேன்.

எதற்கும் கேலி பேசுகிறவன், நான் சொல்லி முடிக்கும் முன்பே பாயைச் சுருட்டினான்.