வரிசை அண்ணன் அனுப்பிய ஸ்கேன்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கடை உரிமத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. மருந்துக் கடையை ஒட்டிய சிறிய அறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஸ்கேனர், ஒரு லேமினேஷன் பெட்டி ஆகியவற்றோடு பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரைத் தெருவே வரிசை அண்ணன் என்றுதான் சொல்லும்.

காரணம் இல்லாமல் இல்லை. யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் அதை வரிசைப்படுத்தாமல் அவருக்குக் கை ஓடாது. ஒருவர் கரண்ட் பில்களை நகல் எடுக்க வந்தார். அண்ணன் அவற்றைப் புரட்டிவிட்டு, "ஏப்ரலுக்கு அப்புறம் ஜூன் வருது. மே எங்க சார்?" என்று கேட்டார். அந்த ஆள் மே மாதம் தேவையே இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை. கடைசியில் வீட்டுக்குப் போய் அதைத் தேடி எடுத்து வந்த பிறகுதான் மிஷின் ஓடியது.

வீட்டிலும் இதே கூத்துதான். சமையலறை டப்பா எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டியிருப்பார். "உப்பு டப்பாவுல உப்புன்னு எழுதி வச்சிருக்கீங்க. இத்தனை வருஷமா என்ன, நக்கிப் பாத்தா கண்டுபிடிச்சேன்?" என்பாள் மனைவி. "அப்படியே என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க, யாருன்னு மறந்துடப் போறீங்க." அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் லேபிள் ஒட்டுவதை நிறுத்த மாட்டார்.

கம்ப்யூட்டருக்குள் இந்தக் குணம் இன்னும் முற்றிப் போயிருந்தது. 'ஸ்கேன்47' என்றும் 'புதுசு, கடைசி புதுசு' என்றும் ஜனங்கள் ஃபைல்களுக்குப் பெயர் வைப்பதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் பென் டிரைவைக் கொடுத்தாலும், ஆள் பெயர், என்ன சான்றிதழ், எந்த வருஷம் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பெயரை மாற்றித்தான் திருப்பிக் கொடுப்பார். இதற்காக அவரிடம் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் இதற்காகவே நாலு தெரு தாண்டி வந்தார்கள்.

அந்தப் பெண் வந்தது ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதரைக்கு. துணி கம்பெனியில் பட்டன் தைக்கிறவள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரு சிடி. அதை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றாள்.

"அண்ணா, இது எங்க வீட்டுக்காரரோட முதுகு ஸ்கேன். இதுல இருக்கிறது எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஈமெயில்ல அனுப்பணுமாம். இன்னைக்கு நாலு மணிக்குள்ள."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு விவரம் கேட்டார். கணவன் லாரி டிரைவர். தண்டுவடத்துக்குள் ஏதோ வளர்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், நேற்று காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு பாத்ரூம் வரை போயிருக்கிறார். இந்த மாதிரி கேஸ்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்தாறு டாக்டர்கள் மாதத்துக்கு ஒரு முறை கூடிப் பார்த்து, யாருக்கு உடனே ஆபரேஷன் என்று முடிவு செய்கிறார்கள். இந்த மாதத்துப் பட்டியல் இன்று நாலு மணிக்கு மூடுகிறது.

"இந்த மாசம் விட்டுட்டா கால் திரும்புமான்னு என்னால சொல்ல முடியாதும்மான்னு எங்க டாக்டர் சொல்லிட்டார் அண்ணா."

"நாலு மணிக்கு ஆறரை மணி நேரம் இருக்கு. பத்து நிமிஷ வேலை. நீ உக்காரும்மா," என்றார் அவர்.

சிடியைப் போட்டதும் அதிலேயே இருந்த, படத்தைக் காட்டும் வியூவர் திறந்தது. கறுப்பில் சாம்பல் நிறமாக ஒரு முதுகெலும்பு. மவுஸை உருட்ட உருட்ட, உடம்பைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்த மாதிரி படங்கள் நகர்ந்தன. அவள் எட்டிப் பார்த்து, "இதுல எது அண்ணா கெட்டது?" என்றாள். "அது டாக்டருக்குத்தான் தெரியும்," என்றார்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு ஃபோல்டரைத் திறந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு ஃபைல். இரண்டு எழுத்து, அப்புறம் பூஜ்யம் பூஜ்யமாக ஒரு நீளம், கடைசியில் ஒரு எண். ஆள் பெயர் இல்லை, என்ன படம் என்று இல்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. "ஸ்கேன் எடுத்தவன் பேர் வச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு. பெரிய ஆஸ்பத்திரியில போய் வேற எவனோட முதுகோடயாவது கலந்துட்டா?" என்றார். அவள் முகம் வெளுத்தது. "கலந்துடுமா அண்ணா?"

"நான் இருக்கேன்ல," என்று சொல்லிவிட்டு, கணவன் பெயரைக் கேட்டு, அத்தனை ஃபைலையும் ஒன்றாகப் பிடித்து, அவன் பெயர், முதுகுத்தண்டு, ஒன்று முதல் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று மாற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரை முழுக்கத் தன் புருஷன் பெயர் வரிசையாக நிற்பதைப் பார்த்து அவளுக்கே ஒரு தெம்பு வந்தது. அதை ஜிப் செய்து ஒரே கட்டாக்கினார்.

ஈமெயில் அவ்வளவு பெரிய கட்டைத் தாங்காது என்று திருப்பி விட்டது. இணையத்தில் ஏற்றி லிங்க் அனுப்பினார். ஏறி முடிக்கவே ஐம்பது நிமிஷம் பிடித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெண், மரியாதையான குரல், "டவுன்லோட் பண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன் சார்," என்றாள். பன்னிரண்டேகாலுக்குக் கூப்பிட்டாள்.

"வியூவர் திறக்குது சார். படம் வரல. படங்கள் குறிப்பிட்ட இடத்தில் இல்லைன்னு மெசேஜ் வருது."

வரிசை அண்ணன் சிடியின் மேல் கிளிக் செய்தார். முதுகெலும்பு பளிச்சென்று வந்து நின்றது. "இங்க நல்லா வருதே மேடம்," என்றார்.

கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சொன்ன வாக்கியம் அது. சொல்கிறவருக்கு அதில் இருக்கும் தைரியமும் கேட்கிறவருக்கு அதில் வரும் எரிச்சலும் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தப் பெண் எரிச்சல் காட்டவில்லை. "இங்க வரலயே சார்," என்று மட்டும் சொன்னாள்.

ஜிப்பைப் பிரித்தீர்களா என்றார். பிரித்தாகிவிட்டது. வியூவர் பழசோ என்னவோ, புதுசு போடுங்கள் என்றார். அதைப் போட அவளுக்கு அனுமதி இல்லை, கம்ப்யூட்டர் பிரிவு ஆள் வரவேண்டும், அவர் சாப்பிடப் போயிருக்கிறார். ஒன்றேகாலுக்கு அவர் வந்து புதிய வியூவர் போட்டும் அதே மெசேஜ்தான் வந்தது. இறங்கும்போது கட்டு கெட்டிருக்கும் என்று அண்ணன் முடிவு செய்தார். அதே ஃபோல்டரைத் திரும்ப ஜிப் செய்து, இந்த முறை ஆறு துண்டாக்கி ஏற்றினார்.

அதற்குள் இணையத்தில் தேடினார். எவனோ ஒரு புண்ணியவான் பதினாலு வழி எழுதி வைத்திருந்தான். ஒன்றுவிடாமல் வரிசையாகச் செய்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு சிடியைக் கிளிக் செய்வார், இங்கே படம் வரும். அங்கே கேட்பார், வராது. நகல் எடுக்க வந்தவர்களை அப்புறம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். சாப்பிட வரவில்லையா என்று கேட்ட மனைவியிடம், "ஒருத்தரோட கால் விஷயம், வை போனை," என்றார். அவளிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. அவளும் மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட்டாள்.

ஸ்டூலில் இருந்தவள் ஒரு முறை எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். ஒன்றை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அது ஆறிப் போய் ஆடை கட்டியது. அவள் அவரையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது துண்டு இறங்காமல் பாதியில் நின்றது. மறுபடி அனுப்பினார். ஆறும் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று நாற்பது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் வந்தது.

"அதே மெசேஜ்தான் சார்."

"மேடம், இங்க திரையில தெரியுறதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பட்டுமா? எல்லாப் படத்தையும் எடுத்துடுறேன்."

"டாக்டருங்க அளந்து பாக்கணும் சார். போட்டோவுல அளக்க முடியாது, எடுத்துக்க மாட்டாங்க. நான் இப்ப லிஸ்டை மூடணும். என் கையில எதுவும் இல்ல சார். மன்னிச்சுக்கங்க."

அவர் போனை வைத்தார். என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, முந்தானையைச் சரிசெய்தபடி எழுந்தாள். சிடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அவர் அதை வெளியே எடுத்து உறையில் போட்டார். பிறகு, கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்ததை அழிக்கும் முன்பு, ஏன் என்று தெரியாமலே அதிலிருந்த வியூவரைக் கிளிக் செய்தார்.

படங்கள் குறிப்பிட்ட இடத்தில் இல்லை.

காலையிலிருந்து அவர் திறந்து பார்த்ததெல்லாம் சிடியைத்தான். அனுப்பியதைத் தனியாக ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று படங்களோடு சேர்ந்தே ஒரு பட்டியல் இருந்தது; வியூவர் பழசோ புதுசோ, அதைப் பார்த்துத்தான் படத்தைத் தேடும். அந்தப் பட்டியலில் இருந்தவை பூஜ்யம் பூஜ்யமாக நீண்ட அந்தப் பழைய பெயர்கள்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு படமும் அங்கே பத்திரமாகத்தான் இருந்தன. அவர் வைத்த அழகான பெயரோடு இருந்ததால் வியூவருக்கு அடையாளம் தெரியவில்லை. பதினாலு வழி எழுதியவனுக்கு இப்படி ஒரு மனுஷன் இருப்பான் என்று தோன்றவே இல்லை.

"கொஞ்சம் இரும்மா," என்றார்.

சிடியை மறுபடி போட்டார். இறக்கினார். ஒரு பெயரையும் தொடவில்லை. ஏற்றி லிங்க் அனுப்பியபோது மணி ஐந்தாகிவிட்டது. பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெண் இன்னும் இருக்கையில்தான் இருந்தாள். கால் மணி நேரத்தில் கூப்பிட்டாள்.

"இப்ப அருமையாத் தெரியுது சார். எல்லாப் படமும் வந்திருக்கு. என்ன பண்ணீங்க?"

"லிஸ்ட்ல சேத்துக்க முடியுமா மேடம்?"

"அது நாலு மணிக்கே டாக்டருங்க கிட்ட போயிடுச்சு சார். இனிமே அடுத்த மாசம்தான். அதுக்குள்ள இது பழசாயிடும், செல்லாது, புதுசா ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பி ஸ்டூலுக்கு நேராகப் போட்டார். மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மைதான். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய அவரால் ஆகவில்லை.

"இதோ பாரும்மா. தப்பு அங்க இல்ல. என்கிட்டதான். நான் பேரை மாத்தினேன் இல்ல, அதனாலதான் படம் தெரியல. மாத்தாம அனுப்பியிருந்தா மத்தியானமே முடிஞ்சிருக்கும்."

அவள் யோசித்தாள். "எங்க வீட்டுக்காரர் பேரைத்தானே அண்ணா வச்சீங்க?"

"ஆமா."

"அது அவர் படம்தானே?"

"ஆமாம்மா. ஆனா அந்த மிஷினுக்குப் பழைய பேர்தான் தெரியும். நான் மாத்தியிருக்கக் கூடாது. என்னாலதான் போச்சு."

"அட விடுங்க அண்ணா," என்றாள் அவள், அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரலில். "மிஷின் பண்ற வேலைக்கு நீங்க என்ன செய்வீங்க? நான் நேத்தே வந்திருக்கணும். சூப்பர்வைசர் லீவு தரல. சண்டை போட்டாவது வந்திருக்கணும், பயந்துட்டேன். தப்பு என் மேலதான்." அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

அவர் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் அது அவளுக்குப் பெரிய மனசுக்காரர் ஒருவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வதாகவே கேட்டது. நடுவில் அவள் போனை எடுத்துக் கணவனிடம் விஷயத்தைச் சொல்லி, "இந்த அண்ணன் சோறு தண்ணி இல்லாம நமக்காக உக்காந்திருந்தார்," என்று சொல்லி, பேசுங்கள் என்று அவரிடம் நீட்டினாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றது ஒரு கரகரத்த குரல். "இன்னைக்குக் கால் கொஞ்சம் பரவாயில்லதான். ஒரு மாசம்தானே, ஓடிடும். நீங்க போய்ச் சாப்பிடுங்க முதல்ல."

வரிசை அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் சிடியை உறையோடு பைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"புது ஸ்கேன் எடுத்ததும் நேரா உங்ககிட்டதான் அண்ணா வருவேன். வேற யாரு இவ்வளவு பொறுப்பா, பேரெல்லாம் எழுதி அனுப்புவாங்க?"

வேண்டாம்மா, வேற கடைக்குப் போ என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அந்தப் பக்கம் வேறு கடை கிடையாது.