அப்பா தோல் ஒட்டிய ஸ்கேட்போர்டு

ஷூ ஒட்டும் பசையின் வாசனை வந்தால் இப்போதும் எனக்குத் தாடை அரிக்கும். அங்கே ஒரு தையல் தழும்பு இருக்கிறது...

ஆம்பூரில் எங்கள் தெரு நல்ல இறக்கம். எனக்கு ஒன்பது வயது. ஓர் இடத்தில் உட்கார மாட்டேன்.

"காலுல சக்கரம் கட்டினு பொறந்துக்கீது இது" என்று அம்மா திட்டுவாள். அதைக் கேட்டுக் கேட்டோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை வேலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார், ஸ்கேட்போர்டு வாங்க.

கடையில் இருந்ததே இரண்டு. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? ஆனால் அப்பா ஷூ ஃபேக்டரிக்காரர், எதையும் அப்படி வாங்கிவிட மாட்டார். விளிம்பைத் தடவினார், ஒட்டு விட்டிருக்கிறதா என்று நகத்தால் நெம்பினார், மோந்துகூடப் பார்த்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னா பாய், மேல உப்புத்தாள் கணக்கா சொரசொரன்னு கீது?"

"அப்டித்தான் வருது சார்."

சிவப்பை வாங்கினோம். அப்பாவுக்கு அந்தச் சொரசொரப்பு மட்டும் பிடிக்கவே இல்லை.

ஃபேக்டரியில் அவருக்கு ரஃபிங் வேலை. சோல் ஒட்டுவதற்கு முன்னால் தோலின் வழவழப்பை மெஷினில் தேய்த்து எடுப்பார்கள். அப்போதுதான் பசை பிடிக்கும். அதே வேலை செய்து செய்து அவர் உள்ளங்கையும் அப்படியே ஆகியிருந்தது. தலையைத் தடவினால் முடி சிக்கும்.

"நான்தான் நாள்பூரா சொரசொரப்புல கெடக்கிறேன். புள்ள காலுக்காவது மெத்துன்னு இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே நல்ல பளபளப்பான தோல் ஒன்றை போர்டின் மேல் ஒட்டிவிட்டார். ஓரம் மடித்து, சுத்தியலால் தட்டி... அப்படி ஓர் அழகு. தெருவே வந்து பார்த்தது.

அம்மா மட்டும் மசியவில்லை. "ஒரு வாட்டி வுழட்டும், இத்த வெந்நீர் அடுப்புல வெச்சி எரிச்சிடறேன்." சொன்னால் செய்வாள்.

மறுநாளே விழுந்தேன். ஏறி நின்றதுதான் தெரியும். கால் வழுக்கி, போர்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

தாடையில் தையல் போட்டபோதுகூட அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா போர்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாளே, அப்போதுதான் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதேன்.

நல்லவேளை, அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டார். தாடையைப் பார்த்தார். அம்மா கையிலிருந்து போர்டை வாங்கி, தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். அப்படியே தலையில் அடித்துக்கொண்டார்.

"ரஃபிங் பண்ணாத தோல்ல சோலே நிக்காது. கால் எங்க நிக்கும்? இத்தினி வருஷமா நான் இன்னாத்தடி வேல செய்றேன்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில்தான் போர்டு பிழைத்தது.

தோலைப் பிய்த்தார். ஷூ பசையாயிற்றே, லேசில் விடுமா? அடியில் போர்டோடு வந்திருந்த உப்புத்தாளும் கூடவே கிழிந்து வந்தது. அதன் இடத்தில் ரஃபிங் மெஷினுக்குப் போடும் சொரசொரப்பான பட்டைத்தாளில் மிச்சம் மீதியை ஒட்டினார். அதற்கப்புறம் கால் நகரவே இல்லை. அந்த இறக்கத்தில் எத்தனை வருஷம் பறந்தேன்!

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். என் பையனுக்கு ஏழு வயது. அவனும் ஸ்கேட்போர்டு கேட்கிறான். ஒரு வாரமாக மொபைலில் ரிவ்யூ படித்துப் படித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம். ஒருவன் ஒன்றை நல்லது என்றால் அடுத்தவன் அதுதான் மோசம் என்கிறான். நேற்று கடைக்கே போனேன். சுவர் முழுக்க போர்டு... பேஜாராகி அப்பாவுக்கு போன் போட்டேன்.

அவர் பிராண்டும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை.

"மேல கைய வெச்சிப் பாரும்மா. சொரசொரன்னு கீதா?"

கையை வைத்தேன். சின்ன வயதில் என் தலையைத் தடவிய கை மாதிரியே இருந்தது.

"கீதுப்பா" என்றேன்.

"அப்ப வுழமாட்டான். வாங்கிடு."